சீதேவி ஸ்டோர்ஸில் இல்லை என்பது இல்லை

சீதேவி ஸ்டோர்ஸின் பின்விறாந்தையில் அன்று கூடியிருந்தவர்கள் இவர்கள்: கடை முதலாளியும் அம்மன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருமான வினாயகமூர்த்தி; கடையும் காணியும் எவருடைய சீதனமோ அந்தச் சீதேவிப்பிள்ளை, அதாவது அவருடைய மனைவி; சீதேவிப்பிள்ளையின் அண்ணன், கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்ற சீனித்தம்பி; மகள் இராசாத்தி; அவளைக் கட்டி அந்த வீட்டுக்கு வந்திருந்த மருமகன் யோகராசா; கொழும்பிலிருந்து மடிக்கணினியோடு வந்த நல்லரத்தினம்; தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போக மறந்து நின்ற கடைச் சிப்பந்தி சாமித்தம்பி. அடுத்த ஊர் இரும்புக்கடைக்காரரான காத்தான்குடி உசனார் அங்கே இருக்கவில்லை. அவர் இருப்பதற்கு நியாயமும் இல்லை.

கூடியதற்குக் காரணம் சிறியது. கடையில் எந்தச் சாமான் எவ்வளவு இருக்கிறது என்பதை இனி எந்த முறையில் அறிவது என்று தீர்மானிக்க வேண்டும். பெரிய நாடுகளில் இதற்கென்று தனியாகப் படித்தவர்கள் இருப்பதாக நல்லரத்தினம் சொன்னார். எங்கள் பக்கம் இதற்குக் குடும்பம் கூடும். படித்தவர்கள் கூடும் கூட்டத்தைவிட இதில் தேத்தண்ணி நன்றாக இருக்கும்.

2003ஆம் ஆண்டு அது. யுத்தம் களைத்துப்போய்க் கொஞ்சம் குந்தியிருந்த காலம். அதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து முதலில் சமாதானத்தை விற்க வந்தார்கள். பிறகு ஷாம்பு விற்க வந்தார்கள். அதற்கும் பிறகு, உங்கள் கடையில் என்ன இருக்கிறது என்பதை உங்களுக்கே விற்க நல்லரத்தினம் வந்தார்.

அதுவரை சீதேவி ஸ்டோர்ஸில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் மூன்று தரப்பினர். இராணுவ முகாமில் இருந்தவர்கள் டோர்ச் பற்றரி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். வாவிக்கு அக்கரையில் இருந்த இயக்கத்தவர்கள் சீமெந்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் வினாயகமூர்த்தி சொன்ன பதிலைக் கேட்டால், கடையில் எலிகூடக் குடியிருக்கவில்லை என்று தோன்றும். மூன்றாவது தரப்பு வாடிக்கையாளர்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைக் கேட்டால், துறைமுகமே இந்தக் கடைக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று தோன்றும். ஒரே வாயால் இரண்டையும் முகம் கோணாமல் சொல்லிக் கடையையும் தலையையும் காப்பாற்றியவர் அவர். அவரிடம் போய், உண்மையான இருப்பை ஒரு பெட்டிக்குள் போட்டு வைப்போம் என்றால் எப்படி இருக்கும்.

அவருக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அவர் இரண்டு சத்தியங்களுக்குக் கட்டுப்பட்டவர்.

முதலாவது, கல்யாணத்தோடு வந்தது. சீதேவிப்பிள்ளையின் தகப்பனார் கடையைத் திறந்த நாளில், இந்தக் கடையில் எந்தச் சாமானைக் கேட்டாலும் இல்லை என்ற சொல் வரக்கூடாது என்று அம்மன் படத்தின் முன் சொல்லிவைத்தார். கடையைச் சீதனமாகக் கொடுத்தபோது கதிரை, தராசு, சத்தியம் மூன்றையும் சேர்த்தே கொடுத்தார். எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து இருப்பார், கதிரையில்.

இரண்டாவது, அவரே செய்தது. கெட்ட வருஷம் ஒன்றில் தமிழர், முஸ்லிம்கள் என்ற இரண்டு சமூகமும் ஒன்றையொன்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, கோயில் கூட்டத்தில் வண்ணக்கர் என்ற முறையில் அவர் எழுந்து நின்று, காத்தான்குடியிலிருந்து ஓர் ஆணிகூட இந்த ஊர்க்காரர் வாங்கவும் கூடாது, அங்கே விற்கவும் கூடாது என்றார். ஊர் தலையாட்டியது. அதே கிழமை அந்தப் பக்கத்தில் பள்ளிவாசல் கூட்டத்தில் உசனார் எழுந்து நின்று இதையே மறுபக்கமாகச் சொன்னார். அங்கேயும் தலையாட்டினார்கள். இருவரும் சொன்ன சொல்லைக் காக்கும் மனிதர்கள். அன்றிலிருந்து ஒருவர் கடையின் முன்வாசலை மற்றவர் மிதித்ததில்லை. ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

முன்வாசலை.

சீதேவி ஸ்டோர்ஸின் பின்வளவும் உசனாரின் இரும்புக்கடைப் பின்வளவும் ஒரே வேலியால் பிரிந்தவை. ஊர் எல்லை என்று வரைபடத்தில் போட்டிருப்பது உண்மையில் அந்தக் கிடுகு வேலிதான். வேலியில் ஓர் ஆள் சரிந்து நுழையும் அளவு கடப்பு ஒன்று இருந்தது. சத்தியங்களுக்கு முந்திய கடப்பு. அதன் வழியே சீதேவிப்பிள்ளையும் உசனாரின் மனைவி கைறுன்னிஸாவும் கொச்சிக்காய், தேங்காய், கொத்தமல்லி என்று கைமாற்று வாங்கிக்கொள்வார்கள். கைமாற்று என்பது வாங்குவதும் அல்ல, விற்பதும் அல்ல. ஒரு சுண்டு அரிசி போனால் ஒரு சுண்டு அரிசி வரும். பெண்கள் வேலியடியில் செய்வது. அதில் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ என்ன வேலை?

கொச்சிக்காயில் தொடங்கியது மண்வெட்டிக்கு வந்தது. வெல்லாவெளியிலிருந்து ஒருவர் வயல் வட்டைக்கு மண்வெட்டி வாங்க வருவார். கடையில் மண்வெட்டி இராது. வினாயகமூர்த்தி இல்லை என்று சொல்லமாட்டார். "இரிக்கி, இருங்க" என்று சொல்லி ஒரு சோடா உடைத்துக் கொடுத்து, மழை எப்படி என்று கேட்பார். சாமித்தம்பி பின்னால் போவான். சீதேவிப்பிள்ளை கடப்படியில் நின்று கைறுன்னிஸாவிடம் கைமாற்றாக ஒரு மண்வெட்டி கேட்பாள். மழைக்கதை முடிவதற்குள் மண்வெட்டி வந்துவிடும். உசனார் கடைக்கு யாராவது குத்துவிளக்குக் கேட்டு வந்தால் அதே கடப்பால் குத்துவிளக்கு அந்தப் பக்கம் போகும். கைறுன்னிஸா அசர் தொழுகையில் இருக்கும் நேரத்தில் யாராவது மண்வெட்டி கேட்டால்தான் கஷ்டம். மழையில் தொடங்கிய வினாயகமூர்த்தி வந்தவருடைய பேரப்பிள்ளையின் காதுகுத்து வரை போக வேண்டியிருக்கும்.

இப்படி இரண்டு சத்தியமும் பன்னிரண்டு வருஷம் பழுதில்லாமல் இருந்தன. மருமகன் யோகராசாவுக்கு இது தெரியாது. வீட்டுக்கு வந்து ஒரு வருஷமான மருமகனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. இராசாத்தியும் சொல்லவில்லை. அவள் தாயின் பிள்ளை.

யோகராசா டோஹாவில் ஒரு சுப்பர்மார்க்கட்டில் பெட்டி இறக்கியவர். அங்கிருந்து ஒரு குளிர்கண்ணாடியும் ஒரு யோசனையும் கொண்டுவந்திருந்தார். அங்கே சவுக்காரம் முடிவதற்கு முன்பே கணினி சொல்லிவிடுமாம். இங்கே சவுக்காரம் முடிந்தால் ஊத்தையோடு வருகிறவர்கள் சொல்வார்கள் என்றார் வினாயகமூர்த்தி. ஆனால் மருமகன் அடங்கவில்லை. கணினி என்ற சொல்லைக் கேட்டதும் சீனித்தம்பியும் தன் பங்குக்குப் புறப்பட்டு வந்தார்.

சீனித்தம்பியின் முறை அட்டை முறை. ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை. வந்தால் எழுதுவது, போனால் கழிப்பது. அவர் மனேஜராக இருந்த சங்கக் கடையில் சீனி இருந்ததை யாரும் கண்டதில்லை. ஆனால் சீனிக்கு அட்டை இருந்தது. அந்த அட்டையில் எந்தக் கணக்காய்வாளரும் ஒரு பிழை கண்டதில்லை என்பதை அவர் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லுவார். தங்கச்சியின் சொத்தில் தாய்மாமனுக்கு வாய் திறக்க உரிமை உண்டு. அந்த உரிமையை அவர் வீணாக்கியதில்லை. அதற்கு மேல், வண்ணக்கர் பதவியில் அவருக்கு நெடுநாள் கண். சத்தியத்தை மீறியவர் என்று மச்சான்மேல் ஒரு சொல் விழுந்தால் போதும், கோயிலில் முதல் மரியாதை வாங்குவது யார் என்பது மாறிவிடும். இது வினாயகமூர்த்திக்கும் தெரியும்.

இரண்டையும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த மனிதர் எதையோ மறைக்கிறார் என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். ஆகவே வினாயகமூர்த்தி கணினியை ஒரு மாதம் பார்ப்போம் என்றார். மின்சாரம் பாதி நேரம் வராது, பெட்டி தானாகச் செத்துவிடும் என்பது அவருடைய கணிப்பு. மச்சானின் அட்டையைத் தள்ளிவைத்த சந்தோஷம் தனி.

பெட்டி சாகவில்லை. யோகராசா அதற்கென்று ஒரு ஜெனரேற்றர் பிடித்துவந்தார். நல்லரத்தினம் கடையிலிருந்த ஒவ்வொரு சாமானையும் எண்ணி உள்ளே போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். அன்றிலிருந்து யோகராசா குளிர்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, விற்றதையெல்லாம் ஒன்று விடாமல் தட்டினார். மண்வெட்டி விற்றால் மண்வெட்டி. அரிக்கன் லாம்பு விற்றால் அரிக்கன் லாம்பு. இவை எங்கிருந்து வருகின்றன என்று அவர் சாமித்தம்பியை ஒருநாள் கேட்டார். பின்னால் இருந்து என்றான் சாமித்தம்பி. பின்னால் ஒரு களஞ்சியம் இருக்கிறதாக்கும் என்று மருமகன் நினைத்துக்கொண்டார். டோஹாவிலும் சாமான் பின்னால் இருந்துதான் வரும்.

மாதம் முடிந்தது. நல்லரத்தினம் திரும்பி வந்தார். முடிவு எடுக்கும் அந்தக் கூட்டம் இப்படித்தான் கூடியது.

நல்லரத்தினம் மடிக்கணினியைத் திறந்து, எல்லாரும் பார்க்கும்படி திருப்பி வைத்தார். திரையில் பாதிச் சாமான்களின் பெயர்கள் சிவப்பாக இருந்தன. வடிவாக இருக்கிறது என்றாள் சீதேவிப்பிள்ளை. நல்லரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிவப்பு வடிவுக்கு இல்லை என்றார். எண்ணிப் போட்டபோது கடையில் ஒரு மண்வெட்டியும் இருக்கவில்லை. மாதம் முழுவதும் ஒரு மண்வெட்டியும் கொள்வனவு செய்யப்படவில்லை. ஆனால் முப்பத்தொரு மண்வெட்டி விற்றிருக்கிறது. ஆகவே கடையில் இப்போது மைனஸ் முப்பத்தொரு மண்வெட்டி இருக்கிறது.

"ஐயா, நீங்கள் வாங்காத சாமானை வித்திருக்கிறீங்கள்," என்றார் நல்லரத்தினம். "இப்பிடி ஒரு வியாபாரத்தை நான் கொழும்பிலயும் காணேல்ல."

அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்பது தெரியவில்லை. வினாயகமூர்த்தி பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையை அசைத்தார்.

சீனித்தம்பி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். தன் அட்டைகளில் ஒருநாளும் மைனஸ் வந்ததில்லை என்பதை முதலில் பதிவு செய்தார். உண்மைதான், இல்லாத சீனியை அவர் ஒருநாளும் விற்றதில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். இந்தக் காலத்தில் கணக்கில் வராத சாமான் ஒரு கடைக்குள் வந்து போகிறது என்றால் முகாமும் கேட்கும், அக்கரையும் கேட்கும். குடும்பத்தின் பெயர் என்னாவது? தாய்மாமன் என்ற முறையில் தான் கேட்டே ஆகவேண்டும்.

"மச்சான், அந்த மம்பட்டியெல்லாம் எங்க இரிந்து வந்த?"

வினாயகமூர்த்தியின் முதுகு கதிரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது. அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அந்தக் குடும்பத்தில் மரியாதைக்குரிய பதில். ஆனால் மருமகனுக்கு முறை தெரியாது. அவர் மாமனாருக்கு உதவி செய்ய முன்வந்தார். பின்னால் உள்ள களஞ்சியத்தை நல்லரத்தினம் எண்ணாமல் விட்டதுதான் பிழை, சாமித்தம்பியிடம் திறப்பு வாங்கி இப்போதே எண்ணிவிடலாம் என்றார். சாமித்தம்பி கூரையைப் பார்த்தான். இராசாத்தி கணவனின் காலை மிதித்தாள். அவர் தவறிப்போய் மிதிபட்டது என்று நினைத்துக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அப்போது நல்லரத்தினம், விற்பனை கைவிட்டுப் போகிறது என்ற பயத்தில், தன் பெட்டி பிழை விடாது என்பதற்குச் சாட்சி சொன்னார்.

"இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும் இல்லை ஐயா. காத்தான்குடியில உசனார் ஹாஜியார்ட மருமகன் முனாப்பும் இதே சொப்ட்வெயர்தான் போட்டவர். அங்கயும் மைனஸ். எண்ணிப் பார்த்தால் அவைக்கு மண்வெட்டி வாங்கினதில முப்பத்தொண்டு காணேல்ல. குத்துவிளக்கு மைனஸ் பதினொண்டு. திரும்ப எண்ணினதில உங்களிட்டப் பதினொரு குத்துவிளக்கு விக்காமலே குறையுது. நான் ராத்திரி ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பார்த்தன். ஒரு சாமான்கூடப் பிசகேல்ல. ரெண்டு கடையையும் ஒண்டாய் இணைச்சுவிட்டால் எல்லாம் சரிவரும். விலையும் குறைச்சுத் தரலாம்."

பன்னிரண்டு வருஷம் முகாமும் அக்கரையும் இரண்டு சமூகத்துப் பெரியவர்களும் கண்டுபிடிக்காததை ஒரு விற்பனைக்காரன் கழிவு விலையோடு சேர்த்துச் சொல்லிவிட்டான். யோகராசாவின் நெற்றியிலிருந்து குளிர்கண்ணாடி தானாக மூக்குக்கு இறங்கியது. சீனித்தம்பியின் முகத்தில் கோயிலில் முதல் மரியாதைக் காளாஞ்சித் தட்டு ஏந்தியவரின் அமைதி வந்தது. இந்த விஷயத்தைக் கோயில் கூட்டத்தில் வைக்காமல் இருக்கத் தன் மனச்சாட்சி இடம் தராது என்று அவர் மிகுந்த துக்கத்தோடு சொன்னார்.

வினாயகமூர்த்தி வாய் திறந்திருந்தால் குடும்பம் கவிழ்ந்திருக்கும். குடும்பத்துக்குள் அவர் பொய் சொல்லமாட்டார். உண்மையையும் அப்படிச் சட்டென்று சொல்லிப் பழக்கமில்லை. திறந்தது சீதேவிப்பிள்ளை. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. நல்லரத்தினத்தைப் பார்த்தாள்.

"தம்பி, உங்கட பெட்டிக்குள்ள வாங்கினதுக்கு ஒரு இடம் இரிக்கி. வித்ததுக்கு ஒரு இடம் இரிக்கி. கைமாத்துக்கு எங்க?"

நல்லரத்தினம் அது என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். பெண்கள் கொடுப்பது, பெண்கள் வாங்குவது, போனதற்கு ஈடாக ஒன்று திரும்பி வருவது. அவர் யோசித்துவிட்டு, இந்தச் சொப்ட்வெயரில் அப்படி ஓர் இடம் இல்லை, சென்னையில் எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

"மறுகா என்னத்துக்குப் பெட்டி?" என்றாள் அவள். "இந்தக் கடை என்ட சீதனம். கைறுன்னிஸாட கடையும் அவட தாய் குடுத்த. நாங்க ரெண்டு பொம்புளயள் எங்கட சாமானக் கைமாத்துறம். கோயில்ல வாங்கவும் விக்கவும் ஒண்ணாது எண்டுதான் சொன்னயே தவிர, கைமாத்த ஒண்ணாது எண்டு ஆரும் சொன்னயா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. தீர்மானத்தை வாசகம் வாசகமாகச் சொன்னவர் வினாயகமூர்த்தி. அன்று அவர் ஏன் அவ்வளவு கவனமாகச் சொற்களைப் பொறுக்கினார் என்பது அந்த விறாந்தையில் பலருக்கு அப்போதுதான் விளங்கியது.

சீனித்தம்பி விடவில்லை. சொல் எப்படி இருந்தாலும், அந்தப் பக்கத்துச் சாமான் இந்தப் பக்கம் வந்ததா இல்லையா, ஊர் அதைத்தான் கேட்கும் என்றார். சீதேவிப்பிள்ளை தமையனின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள்.

"அண்ணன், உங்கட மகள் கண்ணகைர கலியாணத்துக் கூறைச்சீல எங்க எடுத்த?"

"கொழும்பில."

"ஓம். கொழும்புக்குப் போற பாதை எங்கட மாட்டுக்கொட்டிலடியாலதானே போகுது. நான்தானே கைறுன்னிஸாவோட கடப்பில நிண்டு விரிச்சுப் பாத்த."

சாமித்தம்பி, கேட்காமலே, தான்தான் அதைத் தூக்கிவந்ததாகவும் நல்ல பாரம் என்றும் சொன்னான். அவன் வாயை மூடச் சொல்ல அன்று யாருக்கும் மனம் வரவில்லை.

சீனித்தம்பி தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அவருடைய மனச்சாட்சி அவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்து இப்போது உட்கார்ந்தது. குடும்ப விஷயத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோவது அழகல்ல என்று அவர் பொதுவாகச் சொன்னார். அழகல்ல என்று வினாயகமூர்த்தியும் ஒப்புக்கொண்டார். மச்சான்மார் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

பிறகு வினாயகமூர்த்தி எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. அட்டை முறை நல்ல முறை. சாமானே இல்லாத கடைக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. கணினி முறையும் நல்ல முறை. கணக்கு மட்டும் தெரிந்த ஒருவனைக் கடையில் வைத்திருப்பது போல. ஆனால் கைமாற்று இன்னதென்று விளங்காத ஒன்றை நம்பி, தெற்கே வெல்லாவெளி வரை பெயர் வாங்கிய கடையை ஒப்படைக்க முடியாது. பழைய முறையே தொடரும். எது பழைய முறை என்று நல்லரத்தினம் கேட்டார். யாரும் விளக்கப் போகவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவர் இந்த வீட்டில் பெண் எடுத்திருக்க வேண்டும். எடுத்தவருக்கே ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

நல்லரத்தினம் விட்டுப்போன பரீட்சார்த்தக் கணினி மேசையில் இருந்தது. யோகராசா அதற்குப் பணம் கட்டிவிட்டிருந்தார். மாமனாரிடம் கேட்காமல் கட்டியது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்காமல் செய்யவில்லை. கடப்பு எங்கே இருக்கிறது என்று இராசாத்தி அன்று பின்னேரம் அவருக்குக் காட்டினாள். இப்போது அவசரமான சாமானுக்கு அவரே போய் வருகிறார். அந்தப் பக்கத்தில் முனாப் நிற்பார். இருவரும் வளைகுடாவைப் பற்றிப் பேசிக்கொள்வதால் வாடிக்கையாளர் இரண்டாவது சோடாவும் குடிக்க வேண்டியிருக்கிறது.

உசனாரும் வினாயகமூர்த்தியும் இன்னும் பேசுவதில்லை. அந்தக் கூட்டம் நடந்த மறுநாள் உசனார் சாமித்தம்பியிடம் ஒரு கேள்வி சொல்லி அனுப்பினார்: வண்ணக்கரின் கடையில் எந்த முறை தெரிவானது? பழைய முறை என்று பதில் போனது. அப்படியானால் தங்கள் கடையிலும் அதுதான் என்று திரும்பி வந்தது. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு விஷயத்தை இவ்வளவு ஒழுங்காக முடிக்கலாம் என்பது பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த மாரியில் இடி விழுந்து முனாப்பின் கணினி எரிந்துபோனது. கைறுன்னிஸா கடப்படிக்கு வந்து நின்றாள். இப்போது யாராவது கடைக்கு வந்து, "முதலாளி, உங்கட கடையிலயும் கொம்பியூட்டர் இரிக்காமே?" என்று கேட்டால், வினாயகமூர்த்தி முதுகை நிமிர்த்தி, "இரிக்கி, இருங்க" என்று சொல்லி ஒரு சோடா உடைக்கிறார். சாமித்தம்பி பின்னால் போகிறான்.

கணினியை வண்ணக்கர் ஆத்திரத்தில் தூக்கிக்கொண்டுபோய் வாவியில் எறிந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. எறியவில்லை. கைமாற்றாகப் போயிருக்கிறது.